ஸ்கீத் தடி முறிந்தால்: ஒற்றையா, புதுச் சோடியா?

பனிச்சறுக்கில் இரு கைகளிலும் பிடித்து ஊன்றும் ஸ்கீத் தடிகள் சோடியாக உடைவதில்லை. ஒன்று முறியும், மற்றது நல்ல நிலையில் கையில் மிஞ்சும். கடையில் கேட்டால் புதுச் சோடி எடுங்கள் என்பதுதான் முதலில் வரும் பதில். போன பனிக்காலத்தில் ஒஸ்லோவின் நூர்மார்க்கா காட்டுத் தடத்தில் என் இடதுகைக் காபன் தடி நடுவில் முறிந்தபோது எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன: முறிந்ததை ஒட்டலாம், அதே மாதிரியில் ஒற்றைத் தடி தேடலாம், பழையதை ஒதுக்கிவிட்டுப் புதுச் சோடி வாங்கலாம். நான் ஒற்றையைத் தேடி எடுத்தேன். இப்போதும் அதை வைத்துத்தான் ஓடுகிறேன். ஆகவே கீழே எழுதுவதெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இங்கே சொல்வது, காட்டுத் தடங்களில் ஏறியும் இறங்கியும் தள்ளிக்கொண்டு போகும் நெடுந்தூர ஸ்கீயைப் பற்றி. மலைச்சரிவில் இறங்கும் அல்பைன் ஸ்கீயில் தடியின் வேலை குறைவு. திரும்பும்போது நேரம் பிடிக்கவும் சமநிலைக்கும் உதவும், அவ்வளவுதான். அங்கே தடி வளைந்தால் மலிவான அலுமினியச் சோடி ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். நெடுந்தூர ஸ்கீ அப்படியில்லை. இரண்டு தடிகளையும் ஒன்றாக ஊன்றித் தள்ளும்போது உடலை முன்னே கொண்டுபோவது தடிதான். அதில் ஒரு பக்கம் வேறுபட்டால் தோள் உடனே கண்டுபிடித்துவிடும்.

தடியின் பொருள் பற்றிச் சுருக்கமாக. அலுமினியம் மலிவு, பாரம் கூட, பெரும்பாலும் முறியாமல் வளையும். அமெரிக்காவின் ஐடஹோவில் எட் ஸ்கொட் 1958இல் கொண்டுவந்த, நுனி நோக்கி மெலியும் அலுமினியத் தடி அதுவரை இருந்த மூங்கில், உருக்குத் தடிகளைப் பின்தள்ளியது. கண்ணாடியிழைத் தடி நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் தள்ளும் விசையில் கொஞ்சத்தை அந்த வளைவே தின்றுவிடும். காபன் இலேசு, விறைப்பு, விலை அதிகம். காபனும் கண்ணாடியிழையும் கலந்தவை நடுத்தர விலையில் வருகின்றன. இவ்வளவும் எந்தக் கடையிலும் சொல்வார்கள்.

கடையில் சொல்லாதது, காபன் தடி ஏன் முறிகிறது என்பது. அதன் இழைகளில் பெரும்பகுதி நீளவாக்கில் ஓடுகிறது. மேலிருந்து அமுக்கினால் நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தால் தாங்காது. பின்னால் வருபவரின் ஸ்கீ விளிம்பு உரசியிருக்கலாம், கார்க் கதவில் நசுங்கியிருக்கலாம், விழும்போது நம் முழங்காலே அதன்மேல் இறங்கியிருக்கலாம். மேற்பூச்சில் ஒரு சின்ன வெட்டு மட்டும் தெரியும். அதற்குப் பிறகும் தடி வாரக்கணக்கில் வேலை செய்யும். ஒருநாள் ஏற்றத்தில் பலமாக ஊன்றும்போது அந்த இடத்திலேயே சடாரென்று போகும். காயப்பட்ட நாள் ஒன்று, முறியும் நாள் வேறொன்று. அதனால்தான் கடைக்காரரிடம் இதைப் பொருளின் குறை என்று வாதாடி வெல்வது கடினம். வெளியிலிருந்து பட்ட அடியின் தடயம் முறிவிலேயே தெரியும்.

சரி, முதல் வழி: ஒட்டுவது. முறிந்த இரு துண்டுகளுக்கும் உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஒரு குழாயைச் செருகி, இபொக்சிப் பசை பூசி, வெளியே இழைத்துணி சுற்றலாம். கவனமாகச் செய்தால் பிடிக்கும். ஆனால் ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிட விறைப்பாகிவிடும், பாரமும் கூடும். தள்ளும் விசை அந்த விறைப்பான துண்டின் ஓரத்தில் போய்க் குவியும், அடுத்த முறிவு அங்கேதான் வரும். காட்டுக்குள் பல கிலோமீற்றர் தள்ளி நிற்கும்போது அந்தத் தடியை நம்பி ஒரு இறக்கத்தில் இறங்க எனக்கு மனமில்லை. வீட்டில் மேலதிகத் தடியாக வைத்திருக்க, விருந்தாளிக்குக் கொடுக்கச் சரி. அலுமினியம் மெதுவாக வளைந்திருந்தால் முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள், குழாயின் சுவர் உள்ளே ஒடுங்கிப்போயிருக்கும்.

ஆனால் பழுது என்றதும் எல்லாத் தடியையும் ஒரே மாதிரி எண்ணக் கூடாது. ‘தடி உடைந்துவிட்டது’ என்று சொல்பவர்களில் பலருக்குத் தண்டு நன்றாகவே இருக்கும். போனது தடி பனியில் புதையாமல் தடுக்கக் கீழே இருக்கும் வட்டு, அல்லது அதில் பதித்த கூர்முனை. அதற்காகச் சோடி வாங்க வேண்டியதில்லை. வட்டு சூட்டில் இளகும் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. நுனியைக் கொதித்த தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துத் திருகினால் கழன்று வரும். பழைய பசையைத் துடைத்து, புதிய பசைக்குச்சியை உருக்கிப் பூசி, புது வட்டை நேராகச் செருகினால் முடிந்தது. இரண்டு விடயம் கவனியுங்கள். காபன் தண்டின்மேல் நெருப்பையோ சூடான காற்றுத் துப்பாக்கியையோ நேரே பிடிக்காதீர்கள், இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் கெட்டுவிடும். அப்புறம், தண்டின் நுனி விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 9 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் என்று வேறு வேறு அளவுகள் இருக்கின்றன, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தண்டே முறிந்தவர்களுக்கு இனி உள்ளது இரண்டு வழி. இவற்றுக்கு இடையே முடிவு செய்யும்போது நான் விலையை முதலில் பார்க்கவில்லை. மிஞ்சிய தடிக்கு இணையாக ஒன்று கிடைக்குமா என்பதைத்தான் பார்த்தேன். இந்த ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் ஒற்றைத் தடி, ‘இல்லை’ என்றால் புதுச் சோடி. இடையில் வேறொன்றும் இல்லை.

இணை என்றால் எது இணை? நீளத்திலிருந்து தொடங்கலாம். சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2016–17 பருவத்திலிருந்து ஸ்கீகளை நேராக முன்னும் பின்னும் நகர்த்தும் கிளாசிக் பாணிப் போட்டிகளில் தடியின் நீளம் உயரத்தின் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. உயரத்தைச் சப்பாத்தோடு அளப்பார்கள். 170 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 141. ஸ்கீகளைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ளும் ஸ்கேற்றிங் பாணிக்கு இதைவிட நீளமான தடி வேண்டும், கிட்டத்தட்ட உயரத்தின் 90 சதவீதம். போட்டிக்குப் போகாதவர்களும் இந்தக் கணக்கையொட்டியே வாங்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், தண்டில் அச்சடித்திருக்கும் எண்ணை எல்லா நிறுவனங்களும் ஒரே புள்ளியிலிருந்து அளப்பதில்லை. சிலர் கைப்பிடியின் உச்சிவரை அளக்கிறார்கள், சிலர் கைப்பட்டி வெளியே வரும் இடம்வரை. ஆகவே வேறு நிறுவனத்தின் 145ஐ எடுத்து உங்கள் 145க்குப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் சமமாக நிற்கும் என்று நம்பாதீர்கள். மிஞ்சிய தடியைக் கையோடு கொண்டுபோய், இரண்டின் நுனியையும் தரையில் ஊன்றி, பட்டி வெளிவரும் இடங்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கை தள்ளுவது பட்டியைத்தான், உச்சியை அல்ல.

அடுத்தது விறைப்பு. இரண்டு தடிகளையும் சாய்வாக ஊன்றி ஒரே அளவு அமுக்கினால் எது கூட வளைகிறது என்று கண்ணுக்கே தெரியும். பாரத்தில் கைப்பிடிப் பக்கம் சில கிராம் கூடினால் உணர மாட்டீர்கள், நுனிப்பக்கம் கூடினால் ஒவ்வொரு வீச்சிலும் உணர்வீர்கள். அதனால் வட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரிய வட்டு இளம்பனிக்கு, சின்ன வட்டு இயந்திரம் அழுத்திய கெட்டித் தடத்துக்கு. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று கலந்து போட்டால் ஒரு கை புதையும், மற்றது நிற்கும்.

கைப்பட்டியை மறந்துவிடாதீர்கள். நெடுந்தூரத் தடிகளின் பட்டிகள் இடக்கைக்கும் வலக்கைக்கும் வேறு வேறு. ஒற்றைத் தடி விற்பவரிடம் இருப்பது எந்தக் கை என்று கேட்டு வாங்குங்கள். பட்டியைக் கழற்றி மாற்ற முடிந்தால் கவலையில்லை, உங்கள் பழைய பட்டியையே போட்டுக்கொள்ளலாம். ஆனால் பட்டியும் பிடியும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஜேர்மனியின் லேக்கி நிறுவனத் தடிகளில் பட்டியைப் பிடிக்குள் சொடுக்கிப் பூட்டும் முறை இருக்கிறது, அந்தப் பட்டியை வேறு நிறுவனப் பிடியில் பூட்ட முடியாது.

பொருந்தாத தடியோடு ஓடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 2006 தூரின் ஒலிம்பிக்கில் இருவர் மாறி மாறி ஓடும் பெண்கள் அணி ஸ்பிரின்ற் போட்டியில் கனடாவின் சாரா ரென்னரின் தடி முறிந்தது. பாதை ஓரத்தில் நின்ற நோர்வேப் பயிற்றுநர் பியோர்னார் ஹோகென்ஸ்மூன் தன் கையிலிருந்த தடியைக் கொடுத்தார். அது ரென்னருக்கு நீளம் கூட. ஆனாலும் அதை வைத்தே சமாளித்தார். கனடா வெள்ளி வென்றது, நோர்வே நான்காவதாக வந்தது. கனடியர்கள் நன்றியாக ஐந்து தொன்னுக்கும் மேல் மேப்பிள் பாகு அனுப்பிவைத்தார்கள். கேட்காமலே நீட்டிய அந்தக் கையை நினைக்கும்போதெல்லாம் இந்த விளையாட்டின்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் அது சில நிமிடங்களுக்கான தீர்வு. ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் காட்டில் ஓடுபவருக்குப் பொருந்தாத தடி முதுகின் ஒரு பக்கத்தில் வலியாகத்தான் வந்து நிற்கும்.

ஒற்றைத் தடி எங்கே கிடைக்கும்? நோர்வேயில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று இடம். முதலாவது கடைதான், ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். ‘தடி இருக்கிறதா’ என்று கேட்டால் சோடியைக் காட்டுவார்கள். ‘இந்த மாதிரியில் ஒற்றைத் தண்டு தருவிக்க முடியுமா’ என்று கேளுங்கள். விலை கூடிய போட்டித் தடிகளுக்குத் தண்டைத் தனியாக விற்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். மலிவான தடிகளுக்கு இந்த வசதி அநேகமாகக் கிடைக்காது. தண்டு வெட்டாமல் முழு நீளத்தில் வந்தால் மேல்பக்கத்தில்தான் குறைக்க வேண்டும். வெட்டும் இடத்தில் ரேப் சுற்றி, மெல்லிய பல்லுள்ள இரும்பறுக்கும் வாளால் அறுத்து, பிடியைச் சூட்டுப் பசையால் ஒட்ட வேண்டும். காபன் தூள் மூக்குக்குள் போகக் கூடாது, முகக்கவசம் போடுங்கள். பெரும்பாலான ஸ்கீக் கடைகளில் கொஞ்சப் பணத்துக்கு அவர்களே செய்து தருவார்கள்.

இரண்டாவது, பழைய பொருட்களை ஆட்கள் விளம்பரம் போட்டு விற்கும் ஃபின் இணையத்தளம். எனக்குக் கிடைத்தது அங்கேதான். ஒருவர் வலது தடியை முறித்துவிட்டு இடதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விற்பனைக்குப் போட்டிருந்தார். அதே மாதிரி, அதே நீளம். புதுச் சோடியின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை. மாதிரியின் பெயரையும் நீளத்தையும் போட்டுத் தேடலைச் சேமித்து வையுங்கள், புதிதாக ஏதும் வந்தால் அறிவிப்பு வரும். மூன்றாவது, பாடசாலை வாத்தியக் குழுக்கள் நடத்தும் பழைய பொருள் சந்தைகள். அங்கே தடிகள் கட்டுக்கட்டாக நிற்கும், ஆனால் பெரும்பாலும் பழைய அலுமினியமும் கண்ணாடியிழையும்தான்.

வாங்கிய கையோடு, மிஞ்சிய பழைய தடியையும் சோதியுங்கள். அதுவும் அதே வயது, அதே அடிகளைப் பட்டது. ஒரு பஞ்சுத் துண்டைத் தண்டு முழுக்க இழுத்தால் இழை பிரிந்த இடத்தில் சிக்கும். நகத்துக்கு ஆழமாகத் தட்டுப்படும் வெட்டு இருந்தாலோ, அமுக்கும்போது உள்ளே நெரியும் சத்தம் கேட்டாலோ அதையும் ஓய்வுக்கு அனுப்ப வேண்டியதுதான். அப்போது ஒற்றைத் தடி வாங்குவதில் அர்த்தமில்லை. என்னுடையது இந்தச் சோதனையில் தேறியது. ஒரு பருவம்தான் ஆகியிருக்கிறது, நாலைந்து வருடம் தாங்குமா என்று இப்போதே உறுதி கொடுக்க மாட்டேன்.

புதுச் சோடி எப்போது சரி? மாதிரி நிறுத்தப்பட்டு ஒற்றை கிடைக்காதபோது. உங்கள் தடி அடிமட்ட விலையில் வாங்கியதாக இருந்தால், சில நூறு குரோனருக்குள் முடியும் விடயத்துக்கு வாரக்கணக்கில் அலைவது வீண். நீளமே ஆரம்பத்திலிருந்து பிழையாக இருந்திருந்தால் இது நல்ல சந்தர்ப்பம். அப்படி வாங்குவதென்றால் நாலாயிரம் குரோனரைத் தாண்டும் போட்டித் தடிக்குப் போக வேண்டாம் என்பேன், நீங்கள் போட்டியில் ஓடாவிட்டால். சுவர் மெலிந்த அந்தத் தண்டுகள் பக்கவாட்டு அடியை இன்னும் குறைவாகத்தான் தாங்கும். காபன் பங்கு அதிகமுள்ள நடுத்தரக் கலப்புத் தடி, கழற்றக்கூடிய பட்டி, தனியாக விற்கும் வட்டு: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் எடுங்கள். மார்ச் முடிவில் கடைகள் கழிவு விலையில் தள்ளும்.

முறிந்த துண்டுகளைத் தடத்தில் விட்டு வராதீர்கள். காபன் சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு, நாய்களும் குழந்தைகளும் வரும் தடங்கள் அவை. கையுறையோடு எடுத்துப் பையில் போடுங்கள். முறிவு மேற்பக்கத்தில், பிடிக்குக் கிட்ட இருந்தால் அந்தத் தண்டு இன்னும் செத்துவிடவில்லை. முறிந்த பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டுப் பிடியை மறுபடி ஒட்டினால் உயரம் குறைந்த ஒருவருக்கு அது நல்ல தடி. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். அவர்கள் தடியைக் கொண்டு மரத்தைத் தட்டுவார்கள், அதன்மேல் உட்காருவார்கள், அடுத்த வருடம் பத்து சென்ரிமீற்றர் வளர்ந்தும் விடுவார்கள். அவர்களுக்கு அலுமினியம்தான். அதையும் வாங்க வேண்டியதில்லை, உங்கள் ஊரில் விளையாட்டுப் பொருட்களை இரவல் கொடுக்கும் பூவா (BUA) நிலையம் இருந்தால் இலவசமாகவே கிடைக்கும்.