வாக்குத்தத்த வசனப் பெட்டி: தனித்திருப்போருக்கு எவ்வளவு உதவும்?

கிருஷ்ணகிரியில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கிய வாக்குத்தத்த வசனப் பெட்டியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி; உள்ளே, தேவனின் வாக்குறுதிகளைச் சொல்லும் வேதாகம வசனங்களை அட்டைக்கு ஒன்றாக அச்சிட்ட கெட்டி அட்டைகள். புத்தாண்டு ஆராதனையில் ஆண்டுக்கு ஒன்றாகச் சபையில் எடுக்கும் அட்டையை நாள்தோறும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் வசதி. பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, பெற்றோர் இருவரோ அவர்களில் எஞ்சிய ஒருவரோ தங்கிவிட்ட வீடுகள் எங்கள் சபையில் பல உண்டு. அவ்வீடுகளுக்குத்தான் இந்தப் பெட்டி பெரும்பாலும் பரிசாகப் போகிறது. என் வீடும் அவற்றில் ஒன்று. ஆகவே, தனிமையில் இருப்பவர் தேவ பிரசன்னத்தின், அதாவது தேவன் உடனிருக்கிறார் என்பதன், ஆறுதலை உணர இது எவ்வளவு துணைசெய்கிறது என்பதைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

தாளும் பெட்டியின் மூடியும் உறுதியானவை. வசனத்தின் எழுத்து பெரிது. ஆனால் அது வேதாகமத்தின் எந்தப் புத்தகத்தில், எந்த அதிகாரத்தில் உள்ளது என்பது கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. அட்டையின் பளபளப்பு டியூப் லைட் வெளிச்சத்தில் கூசுவதால், கண்புரை உள்ளவர் அதைப் படிக்கவே முடியாது. அற்பமாகத் தோன்றினாலும் இந்தப் பொருளின் பெரிய குறை இதுவே; ஏனெனில், அந்த எண்ணைப் பார்த்து வேதாகமத்தைத் திறக்காதவருக்கு அட்டையின் பயன் பாதிகூடக் கிடைப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, எரேமியா 29:11 இல்லாத வசனப் பெட்டியை நான் பார்த்ததில்லை. கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று அட்டை சொல்கிறது. அந்த வாக்கு பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தில் உள்ளது என்பதும், அதற்கு முந்தின வசனமே 70 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்கிறது என்பதும், அதுவரை அங்கேயே வீடு கட்டி, தோட்டம் நாட்டி, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்பட்டிருப்பதும் அட்டையில் இல்லை. மகன் அடுத்த மாதமே வந்து அழைத்துப் போவான் என்று அந்த அட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்பவருக்கு, அடுத்த மாதம் அந்த வசனமே கசந்துபோகும். அதிகாரம் முழுவதையும் படித்தவருக்கோ, காத்திருக்கும் காலத்திலும் தேவன் கூடவே இருக்கிறார் என்ற உறுதி கிடைக்கிறது.

இதைவிடவும் என்னை யோசிக்க வைத்தது 2 தீமோத்தேயு 4:17. 'கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று, என்னைப் பலப்படுத்தினார்' என்பது அட்டை. எல்லாரும் தன்னைக் கைவிட்டார்கள் என்று, இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் அதற்கு முந்தின வசனத்தில் மறைக்காமல் எழுதுகிறார். அதே அதிகாரத்தில், சீக்கிரமாய் என்னிடத்தில் வா என்று தன் உடனூழியரான தீமோத்தேயுவை அழைக்கிறார். துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்குமுன் வந்துவிடு என்று மறுபடியும் கேட்கிறார். கர்த்தர் அருகில் நின்றதை அறிந்த ஒருவரே நண்பனையும் மேலங்கியையும் கேட்கிறார் என்பது, பிள்ளைகளுக்குப் போன் செய்து வரச்சொல்வதையே விசுவாசக் குறைவு என்று நினைக்கும் எங்கள் சபை முதியவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. சூரைச்செடியின்கீழ்ச் சாகக் கேட்டுக்கொண்ட தீர்க்கதரிசி எலியாவுக்கும் தூதன் அறிவுரை எதுவும் சொல்லாமல், சுட்ட அடையையும் தண்ணீரையும்தான் முதலில் கொடுத்தான்.

பெட்டியில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். புலம்பல் சங்கீதங்களிலிருந்து ஓர் அட்டைகூட இதில் இல்லை. வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் இருக்கிறேன் என்னும் 102ஆம் சங்கீதமும், நண்பர்கள் விலகிப்போன இருளிலேயே முடிந்துவிடும் 88ஆம் சங்கீதமும் வாக்குத்தத்தங்கள் இல்லைதான். ஆனாலும் இரவு மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவருக்கு அவற்றைப்போல வாய்க்கு வரும் ஜெபம் வேறில்லை. முறையிடுவதும் தேவனோடு பேசுவதுதான் என்பதை இனிய வசனங்களை மட்டும் பொறுக்கி அடுக்கிய பெட்டி மறைத்துவிடுகிறது.

பெரிய எழுத்து வேதாகமம் வீட்டில் இருந்து, தினமும் அட்டையை எடுத்து அதிகாரத்தைத் தேடிப் படிக்கும் பழக்கமும் இருந்தால், எங்கே தொடங்குவது என்ற தயக்கத்தைப் போக்க இந்தப் பெட்டி நன்றாகவே உதவும். படிக்க இயலாதவருக்குப் பரிசாகக் கொடுப்பதானால், கொடுப்பவரே வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து அதிகாரத்தை வாசித்துக் காட்டுவது நல்லது; அதற்கு நேரமில்லை என்றால் தமிழ் ஒலி வேதாகமத்தைப் போனில் ஏற்றிக் கொடுக்கலாம். விலை குறைவுதான். வாங்குமுன் கடையில் ஓர் அட்டையை வெளியே எடுத்து, கீழ்மூலை எழுத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்; பளபளப்பில்லாத தாளில் அச்சிட்ட பெட்டி இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.