ஜிஎஸ்1 அடையாள முறை: எண் நல்லது, தகவலில்தான் ஓட்டை

சரக்கு வரவுப் பிரிவில் பல ஆண்டுகள் ஸ்கேனரும் கையுமாக இருந்தவன் என்பதால், பார்கோடு எண்களை வழங்கும் உலகளாவிய அமைப்பான ஜிஎஸ்1-இன் பொருள் அடையாள முறையைப் பற்றிச் சற்றே விரிவாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் தொடங்கிய பார்கோடு, அரை நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறாமல் வேலை செய்கிறது என்பதே அதன் வடிவமைப்புக்குக் கிடைத்த பெரிய சான்று. பார்கோடு எண்ணின் பதின்மூன்று இலக்கங்களில் கடைசியாக வரும் சரிபார்ப்பு இலக்கம், ஓர் இலக்கத்தைத் தவறாக உள்ளிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 1, 6 போல ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் அது ஏமாந்துபோகும். கையால் தட்டச்சு செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பேலட்டுகளுக்கான (சரக்குப் பெட்டிகளை அடுக்கி அனுப்பும் தட்டுப் பலகைகள்) 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்ணும் எனக்கு மிகவும் பிடித்தது: அனுப்புநர் முன்கூட்டியே மின்னணு அனுப்புகைத் தகவலைத் தந்திருந்தால், ஒரே ஸ்கேனில் முழு பேலட்டின் வரவும் பதிவாகிவிடுகிறது.

குறை இருப்பது தகவல் பரிமாற்றத்தில். ஒருமுறை ஒரு சப்ளையர் பெட்டிக்கு 12 பொருட்கள் என்றிருந்ததை 24 ஆக்கிவிட்டு, பெட்டியின் எண்ணை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார். அளவு மாறினால் பெட்டிக்குப் புதிய எண் தர வேண்டும் என்று விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதை மீறுபவரைத் தடுக்க இந்த முறையில் எதுவுமில்லை. எங்கள் மென்பொருள் பாதிச் சரக்கையே கணக்கில் ஏற்றியதைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. ஜிடிஎஸ்என் என்ற பொது வலையமைப்பின் வழியாகப் பொருள் விவரங்களைப் பெற்றாலும் இதே கதைதான், ஏனெனில் வலையமைப்பு கொண்டுவருவது சப்ளையர் உள்ளிட்டதை மட்டுமே.

கட்டணத்தைப் பொறுத்தவரை, எண்ணை நாம் வாங்குவதில்லை, உரிமம்தான் பெறுகிறோம் என்பதைச் சிறு உற்பத்தியாளர்கள் முன்பே புரிந்துகொள்ள வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இடைத்தரகரிடம் எண் வாங்கினால், அது வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். பெரிய சில்லறை வணிகர்கள் அதை ஏற்காமல் போகலாம்.

புதிதாக லேபிள் அச்சிடுபவர்களுக்கு ஒரு யோசனை. பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணையும் காலாவதித் தேதியையும் சேர்த்தே தாங்கும், க்யூஆர் கோடு போன்ற இருபரிமாணக் குறிகளை 2027 இறுதிக்குள் கடைக் கவுண்டர்கள் படிக்க வேண்டும் என்பது ஜிஎஸ்1 வைத்திருக்கும் இலக்கு. குறையுள்ள ஒரு பேட்ச்சை மட்டும் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்போது இதன் அருமை தெரியும். அதுவரை பழைய பார்கோடை எடுத்துவிடாமல், இரண்டையும் அருகருகே அச்சிடுங்கள்.