சுவாமிமலையில் ‘பஞ்சலோக’ விக்கிரகம் வாங்குவோர் கவனத்திற்கு

தாராசுரத்தையும் சுவாமிமலையையும் ஒரே நாளில் பார்த்துவிட எண்ணிக் கும்பகோணத்தில் வாடகைக் கார் அமர்த்தும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அறுபது படிகள் ஏறிச் சுவாமிநாதரைத் தரிசித்து இறங்கியதும், நாங்கள் கேட்காமலேயே ஓட்டுநர் எங்களை ‘ஸ்தபதி பட்டறை’ என்று பலகை மாட்டிய ஒரு கடையின் முன் இறக்கிவிட்டார். வாசலில் ஒருவர் மெழுகில் பிள்ளையாரின் துதிக்கையைச் செதுக்கிக்கொண்டிருக்க, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த உருவின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையைக் கடைக்காரர் நேர்த்தியாக விளக்கினார். விளக்கத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் உலை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, “வேறு இடத்தில்” என்று மட்டும் பதில் வந்தது.

நாங்கள் வாங்கியது ஓரடி உயரச் சிவகாமி அம்மன். மெழுகு வார்ப்பு, உட்குழியின்றிக் கெட்டியாக வார்த்தது, பொன்னும் வெள்ளியும் சேர்ந்த பஞ்சலோகம் என்று வாய்மொழியாக உறுதி தரப்பட்டது. சிற்பக் கல்லூரியில் பயின்ற உறவினர் ஒருவர் சிலையைத் திருப்பிப் பார்த்தவுடனேயே, இரு தோள்களிலிருந்தும் பீடம்வரை பக்கவாட்டில் இறங்கிய மெல்லிய கோட்டைக் காட்டி, இது இரண்டு பாதியாகப் பிரியும் அச்சில் எடுத்த மணல் வார்ப்பு என்றார். கையால் செய்த மெழுகு உருவுக்கு அந்த இணைப்புக் கோடு வராது. மேலே பூசிய மண் உறையான கருவை உடைத்தே சிலையை எடுக்க வேண்டியிருப்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதுமில்லை. கடை அலமாரியிலோ அதே அம்மன் அதே விரல் மடிப்போடு வரிசையாக நின்றிருந்தாள். பீடத்தின் அடியைச் சுரண்டியதும் கரும்பூச்சு உதிர்ந்து, செம்பு மிகுந்த கலவைக்குரிய சிவப்புச் சாயலே இல்லாத வெளிர்மஞ்சள் பித்தளை தெரிந்தது. உட்குழியில் எடைக்காகச் சிமெண்ட் அடைத்திருந்தார்கள். தெய்வத் திருமேனி என்று சொல்லி விற்ற பொருளில் இதைச் செய்யத் துணிந்ததுதான் எங்களை மிகவும் வருத்தியது.

தொலைபேசியில் கேட்டபோது கடைக்காரர் ரசீதைப் படிக்கச் சொன்னார். அதில் ‘உலோகச் சிலை 1’ என்பதைத் தவிர எடையோ, உலோகக் கலவையோ, வார்ப்பு முறையோ இல்லை.

அதே கடையில் ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் கறுப்பேற்றிய நடராசரை நூறாண்டுக்கு மேற்பட்டது என்று விற்க முயன்றார்கள். அந்தப் பேச்சு உண்மையாக இருந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அச்சிலையைத் தனியார் எவரும் நாட்டை விட்டு எடுத்துச் செல்லவே முடியாது.

புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காத்துவரும் ஸ்தபதிகள் அவ்வூரிலேயே இருக்கிறார்கள். தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரின் உற்பத்தி நிலையமும் அங்கே உண்டு. ஓட்டுநர் காட்டும் கடையைத் தவிர்த்து, உலையும் காயும் மண் கருக்களும் கண்ணில் படும் பட்டறையில் விசாரியுங்கள். எடை, கலவை, வார்ப்பு முறை ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதித் தர மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் தொடரலாம். நாங்கள் அவ்வாறே மனு அளித்திருப்பதால், விசாரணை முடியும்வரை கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.