துரியோதனனை உருவாக்கும் இரு வழிகள்

சேலம் வட்டாரத் தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் கிரீடமும் புஜக்கட்டையும் சலங்கையும் அணிந்து, திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகுமுன்னரே காலடியின் கனத்தால் அரசனாகிவிடுகிறார். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் முறையோ, ‘இந்தச் சூழலில் நான் இருந்தால் என்ன செய்வேன்?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரச் சொல்பவனுக்கு அக்கணத்தில் உண்மையில் என்ன வேண்டும் என்று நடிகர் தேடுகிறார்.

சிறிய அரங்குக்கு இது பொருந்தும். விடிய விடியத் திறந்தவெளியில், கடைசி வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவருக்கும் எட்ட வேண்டிய ஆட்டத்துக்கு முதல் வழியே வலுவானது என்பது என் உறுதியான எண்ணம். (ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் தம் இறுதிக் காலத்தில் உடற்செயல்களுக்கே முதன்மை தந்தார்.) ஆயினும் பாரதப் போரின் கடைசி நாளைக் காட்டும் ‘பதினெட்டாம் போர்’ கூத்தில் தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனுக்கு அடவு எனும் ஆட்ட அசைவு மட்டும் போதாது, அந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்ட நடிகரின் குரல் அங்கே தழுதழுக்கிறது.