ஹவாய் கப்பல் பயணம்: எந்தத் துறைமுகத்தில் இறங்கினால் அலை கிடைக்கும்?

கப்பல் காலை எட்டு மணிக்குக் கரை சேரும், மாலை ஆறு மணிக்குக் கிளம்பும். பத்து மணி நேரம் இருக்கிறதே, ஆசை தீர சர்ஃபிங் பண்ணலாம் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட ஆரம்பித்தால் அந்தப் பத்து மணி கரைந்துகொண்டே போகும். இறங்குவதற்கு வரிசை, வண்டி பிடிக்க ஒரு வரிசை, பலகை வாடகைக்கு எடுக்க, திரும்பிவர, அதற்கு மேல் கப்பல்காரர்கள் சொல்லும் கடைசி நேரத்துக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். இதெல்லாம் போக, தண்ணீருக்குள் எத்தனை மணி நேரம் இருப்போம்? ஹவாயின் ஐந்து துறைமுகங்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

ஹொனலூலுவில் சனிக்கிழமை கிளம்பி ஏழு நாளில் தீவுகளைச் சுற்றிவரும் பிரைட் ஆஃப் அமெரிக்கா கப்பலில் போனேன். அதன் வழக்கமான பாதையில் மாவி தீவின் கஹுலுயியில் ஓர் இரவு தங்கல், பிறகு பெரிய தீவில் ஹீலோ, கோனா, கடைசியாகக் கவாய் தீவின் நாவிலிவிலியில் இன்னோர் இரவு. நான் கோவளத்தில் பழகியவன். லாங்போர்டு என்ற நீளப் பலகையில் எழுந்து நின்று, உடையாத அலையில் பக்கவாட்டில் ஓட்டத் தெரியும். இந்த அலசலும் அந்த மட்டத்தில் இருப்பவர்களுக்கும், இனிமேல்தான் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கும்தான்.

பருவத்தை முதலில் பார்த்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தீவுகளின் வடக்குக் கரைகளில் ராட்சத அலைகள் வரும். அங்கே வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்கோளத்துப் புயல்கள் கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து தெற்குக் கரைகளுக்கு வரும். நீண்ட தூரம் வந்த அலை என்பதால் இடைவெளி விட்டு, ஒழுங்காக வரும். இதோடு வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று வேறு. பல நாட்களில் காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் அது வலுத்து, கடலைக் கலைத்துவிடும். காலையில் சீக்கிரம் இறங்குகிறவருக்கே நல்ல அலை.

என் ஓட்டு நாவிலிவிலிக்கு. காரணம் ரொம்ப எளிமையானது. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கலபாகி கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இருபது நிமிடம் கூட ஆகவில்லை. காரும் வேண்டாம், டாக்சியும் வேண்டாம். கரையிலேயே பலகை வாடகைக்குக் கிடைக்கிறது, பாடமும் எடுக்கிறார்கள். துறைமுகத்து அலைதடுப்புச் சுவரும் வளைகுடாவின் வளைவும் பெரிய அலைகளின் வேகத்தைப் பாதியிலேயே குறைத்துவிடுகின்றன. கரைக்கு வருவது இடுப்பளவு, சில நாள் மார்பளவு. கரைப்பக்கம் அடியில் மணல் என்பதால் விழுந்தாலும் பயமில்லை. பலகையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தால் வலப்பக்கம் நம் கப்பலே தெரியும். அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த அலைக்குக் காத்திருக்கும்போது மனசில் நேரத்தைப் பற்றிய பதற்றமே இல்லை. மற்ற நான்கு இடங்களிலும் எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. முதல் நாள் மதியம் காற்று கலைத்த அலையில் இரண்டு மணி நேரம், மறுநாள் விடிந்ததும் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் மூன்று மணி நேரம். ஒரே துறைமுகத்தில் ஐந்து மணி நேரம்!

குறை இல்லாமல் இல்லை. கடற்கரையின் ஓரத்தில் ஓர் ஓடை கடலில் கலக்கிறது. மழை பெய்தால் வளைகுடா முழுக்கக் காப்பி நிறம் ஆகிவிடும். ஹவாயில் பழுப்புத் தண்ணீரில் இறங்காதே என்று சின்னக் குழந்தைக்குக் கூடச் சொல்லிவைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து வரும் கழிவும் கிருமியும் ஒரு பக்கம், கலங்கலில் சுறா வரும் என்பது இன்னொரு பக்கம். அந்த நாளில் பேசாமல் பலகையை மறந்துவிடுங்கள். கவாயில் தமிழர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வைலுவா ஆற்றங்கரையில் சைவ ஆதீனம் ஒன்று 1970 முதல் இருக்கிறது. முழுக்கக் கருங்கல்லில், இந்தியாவில் செதுக்கிக் கொண்டுவந்து கட்டிய இறைவன் கோயில் அங்கே நிற்கிறது.

இரவு தங்கல் இருக்கிறதே, வடக்கே ஹனலேய் வரை போய்வரலாமா என்று பலரும் யோசிப்பார்கள். அழகில் கலபாகி அதன் பக்கத்தில் நிற்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒரு வழிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். கபாஆ ஊருக்குள் நெரிசல். ஹனலேய் ஊருக்குள் நுழையும் இடத்தில் 1912-இல் கட்டிய ஒற்றை வழிப் பாலம். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதை மூடிவிடுவார்கள். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்காது. போவதென்றால் முதல் நாளே போங்கள், கிளம்பும் நாளில் வேண்டாம்.

அலையை மட்டும் பார்த்தால் ஹொனலூலுவின் வைகிகி கடற்கரைதான் முதலிடம். டியூக் கஹனமோகு வளர்ந்த கடல் அது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கிய அவர்தான், பிறகு உலகமெங்கும் இந்த விளையாட்டைக் கொண்டுபோனார். பலகைக்கு முன்னால் நிற்கும் அவருடைய வெண்கலச் சிலைக்கு இன்றும் பூமாலை விழுகிறது. அங்கே கனூஸ் என்ற இடத்தில் உடையும் அலை மெதுவாக, நீளமாக, எழுந்து நிற்க அவகாசம் கொடுத்து வரும். முதல் முறை நிற்கிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. துறைமுகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். சிக்கல் என்னவென்றால், ஹொனலூலுவில் நமக்குக் கிடைப்பது ஏறும் நாளும் இறங்கும் நாளும். கையில் பெட்டி, மனசில் விமானம். அதுவும் போக, ஒரே அலைக்கு எட்டுப் பேர் துழாவுவார்கள், நடுவில் துடுப்புப் படகும் வரும். ஒரு நாள் முன்னதாகவே போய் ஹொனலூலுவில் தங்கி, காலை ஆறரைக்குக் கடலில் இறங்குங்கள். அதைத் துறைமுக நாளாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கஹுலுயியில் இறங்கியதும் கண்ணுக்கு முன்னால் கடல் இருக்கும், நமக்கான அலை இருக்காது. இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் என்பதால் காற்று புனல் வழியாகப் பாய்வது போலப் பாயும். பக்கத்து ஹோகிபா கடற்கரை, பாய் கட்டிய பலகையில் ஓடும் விண்ட்சர்ஃபிங்காரர்களுக்குச் சொர்க்கமாக இருப்பதும் இந்தக் காற்றால்தான். நாம் போக வேண்டியது தீவின் மறுபக்கம், கிஹேய் ஊரின் கோவ் பார்க். கார் இருந்தால் இருபது நிமிடம். காருக்கான வரிசையில்தான் நாள் போய்விடும். எனக்கு ஒன்றரை மணி நேரம் அங்கேயே போனது. முன்பெல்லாம் பலரும் லஹைனாவுக்குப் போவார்கள். 2023 ஆகஸ்ட் தீயில் அந்த ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கோவ் பார்க்கில் அலை ரொம்பச் சின்னது, பல நாள் முழங்கால் அளவுதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது வரம். கப்பல் இரவு தங்கினால் மறுநாள் காலை ஏழு மணிக்கே அங்கே இருங்கள், காற்றுக்கு முந்திவிடலாம்.

கோனாவில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நடுக்கடலில் நங்கூரமிட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். சீட்டு வாங்கி, எண் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். திரும்பும்போதும் அதே வரிசை. போக வேண்டிய இடம் தெற்கே எட்டு கிலோமீட்டரில் உள்ள கஹலூ வளைகுடா. நீல நிறச் சின்ன தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே, அலைச்சறுக்கோடு தொடர்புடைய பழைய ஹவாய்க் கோயிலின் கல்மேடை இருக்கிறது. அரச குடும்பத்தார் ஆடிய அலை இது. அந்த இடத்தில் இறங்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அடியில் எரிமலைப் பாறையும் கடல் முள்ளெலியும், போதாததற்கு வெளியே இழுக்கும் நீரோட்டமும். பாதத்தை மூடும் ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். புதியவர்கள் தனியாக வேண்டவே வேண்டாம், உள்ளூர்ப் பயிற்சியாளரோடு போங்கள்.

ஹீலோவில் ஹொனோலி. ஆறு கடலில் சேரும் இடம், கரையெல்லாம் உருண்டைக் கற்கள், படியிறங்கிப் போனால் உள்ளூர்ப் பையன்கள் குட்டைப் பலகையில் பறந்துகொண்டிருப்பார்கள். அலை வருடம் முழுக்க உண்டு, உயிர்காப்பாளரும் உண்டு. ஆனால் சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. நல்ல பழக்கம் உள்ளவர்கள் போகலாம். நான் மேலேயிருந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எரிமலைப் பூங்காவுக்குப் போய்விட்டேன், வருத்தமில்லை.

கலிஃபோர்னியாவிலிருந்து வரும் கப்பலில் ஒவ்வொரு தீவிலும் ஒரு பகல் மட்டும் கிடைக்கிறதென்றால், நாவிலிவிலியை சர்ஃபிங்குக்கு ஒதுக்கிவிட்டு மற்ற நாட்களில் ஊரைச் சுற்றுங்கள். கோடையில் ஹொனலூலுவில் முழுப் பகலும் நிற்கும் கப்பல் என்றால் வைகிகிக்கே என் ஓட்டு. எங்கே போனாலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்தைக் கெடுக்கும் என்று 2021 முதல் ஹவாயில் விற்கவே தடை. ஊரிலிருந்து எடுத்துப் போகும் டியூபின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.