வீட்டுக்கு எவ்வளவு வேகம் போதும்? இன்டெல் என்100 மினி பிசி

உள்ளங்கையை விடச் சற்றே பெரிய பெட்டி. உள்ளே இருக்கும் என்100 சிப் 2023 தொடக்கத்தில் வந்தது: 4 கோர் (கணக்கிடும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைவரிசை), உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், மின்வரம்பு 6 வாட். மொத்த வேலைத்திறனில் 2015-இல் வந்த இன்டெலின் டெஸ்க்டாப் சிப் ஐ5-6500-க்கு ஏறக்குறைய சமம். அது 65 வாட் சிப். ஆனால் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அந்தப் பழைய ஐ5-க்குத் தருவதில்லை, இதற்குத் தருகிறது. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

பத்துப் பதினைந்து பிரௌசர் டேப், வேர்டு, எக்செல், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எதற்கும் திணறாது. யூடியூப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களைச் சிப்பின் கிராஃபிக்ஸ் பகுதியே கையாள்வதால் 4கே-யும் விக்காமல் ஓடும். வீடியோ எடிட்டிங், பெரிய கேம்கள் என்றால் இதை வாங்க வேண்டாம்.

வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது ராமில்தான். என்100-க்கு ஒரே மெமரி சேனல், அதாவது சிப்புக்கும் ராமுக்கும் இடையே ஒரே பாதை. பல பெட்டிகளில் ஒரே ஸ்லாட், சிலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். கிராஃபிக்ஸும் அதே ராமில்தான் பங்கு கேட்கும். 8 ஜிபி-யில் விண்டோஸும் குரோமும் உட்கார்ந்துவிட்டால் மிச்சம், ராமை விட மெதுவான சேமிப்பகமான எஸ்எஸ்டி-க்குப் போய்வரும், எல்லாம் இழுக்கும். பழி பிராசஸர் மேல் விழும். 16 ஜிபி-யே வாங்குங்கள், இன்டெல் சொல்லும் உச்சவரம்பும் அதுதான். கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பிறகு ராமைக் கூட்ட முடியாது.

எஸ்எஸ்டி-யின் இணைப்பு வகை சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ-யா என்பது அன்றாட வேலையில் பெரிதாகத் தெரியாது. மலிவான, மெதுவான சேமிப்புச் சிப்பான இஎம்எம்சி மட்டும் கூடாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் திறந்து பாருங்கள்: ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்ற பொருளில் வரி இருந்தால் அது வீட்டுக்கான உரிமம் அல்ல, ஒரு நாள் நின்றுவிடும்.

ஃபேன் இல்லாத மாடல் சத்தமே போடாது; ஆனால் சித்திரை வெயிலில், காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் வைத்தால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊருக்கு ஃபேன் உள்ளதே மேல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு ஊதினால் போதும்.

லேசான வேலையில் முழுப் பெட்டியும் 10 வாட் இழுக்கிறது என்று வைத்தால், தினம் 8 மணி நேரத்துக்கு மாதம் 2.4 யூனிட். 50 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்புக்கு 12 யூனிட் ஆகும். கரண்ட் போனாலும் யுபிஎஸ் வெகுநேரம் தாங்கும்.

எடிட்டிங்கும் வேண்டும் என்பவர்களுக்கு 6 கோர், 12 த்ரெட் கொண்ட ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி சிப் சரியான அடுத்த படி. அதில் 16 ஜிபி ஒற்றை ராம் போடாமல் 8 ஜிபி இரண்டு போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் கிராஃபிக்ஸ் வேகம் நன்றாகவே அடிவாங்கும். இன்டெல் பக்கம் போனால், பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருக்கும் சிப்பில் கிராஃபிக்ஸே கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் படம் வராது.

வீட்டில் இருப்பது எட்டாம் தலைமுறை ஐ5, உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ஒரு எஸ்எஸ்டி போதும், புதுக் கணினி தேவையில்லை.