12,600 ரூபாய் வெதரிங் செட்டும் கரைந்துபோன என் அஜேயாவும்: மாடல் கட்டுபவர்கள் கவனத்துக்கு

என் பிளாஸ்டிக் டேங்க் மாடலுக்கு வெதரிங் செட் (புது வண்டியைத் தேய்ந்ததாக, அழுக்கானதாகக் காட்டும் பெயின்ட், பொடி வகைகள்) விற்ற ஆள் நேற்று இரவு 10.40 மணிக்கு என் எண்ணை பிளாக் செய்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் எனக்கே சலிப்பு வந்து, சரி தொலையட்டும் என்று விட்டுவிடுவேன். அவர் நம்பியிருப்பதும் அதைத்தான். போனது 12,600 ரூபாய். அதோடு ஏழு மாத உழைப்பும். இதில் எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் ஆவடிக்காரன். அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேதான் 1960களில் விஜயந்தா டேங்குகள் செய்தார்கள். அப்புறம் ரஷ்ய டி-72 எம்1 டேங்கை உரிமம் வாங்கி அஜேயா என்ற பெயரில் கட்டினார்கள். அப்பா கை வைத்த வண்டிகள் பெரும்பாலும் அஜேயாதான். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு அஜேயாவை 1/35 அளவில் கட்டி ஷோகேஸில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று போன வருஷமே முடிவு செய்திருந்தேன். ஜப்பானின் டமியா கம்பெனி போடும் டி-72 எம்1 கிட்டை, அதாவது ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகத் தொகுப்பை, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். பழைய கிட்தான், ஆனாலும் பாகங்கள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் ராத்திரிகளிலும் உட்கார்ந்து ஏழு மாதம் கட்டினேன். இழுவைக் கம்பிக்கு மெல்லிய செப்புக் கம்பிகளை முறுக்கிப் போட்டேன். டி-72க்குப் பின்னால் ஒரு மரக்கட்டை கட்டியிருப்பார்கள், சேற்றில் மாட்டினால் டிராக்குக்கு அடியில் கொடுத்து ஏறி வருவதற்கு. கிட்டில் வந்த பிளாஸ்டிக் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, எங்கள் வீட்டு வேப்பமரத்துக் குச்சியைக் காயவைத்துச் சீவி வைத்தேன். சாம்பல் பிரைமர், அதன் மேல் மணல் நிறம், அதற்கு மேல் ஹேர் ஸ்ப்ரே, கடைசியாகப் பச்சைத் திட்டுகள். அந்தப் பச்சையைத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் அங்கங்கே சுரண்டினால், ராஜஸ்தான் மணலில் உரசித் தேய்ந்த பெயின்ட் போலவே இருக்கும். அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "டேய், எங்க ஷாப்ல ஒரு கீறல் இருந்தா இன்ஸ்பெக்ஷன்ல வண்டியைத் திருப்பி அனுப்பிடுவான். நீ காசு குடுத்து கீறல் போடுறியே" என்பார். அவருக்கு வெதரிங் என்ற விஷயமே பிடிக்காது. அழுக்கு வண்டி என்றால் அது அவமானம்.

இதுவரை எல்லாம் என் கையில் இருந்த பொருட்கள். அடுத்து வேண்டியது எனாமல் வாஷ் (மூலைகளில் இறங்கி அழுக்குப் போல நிற்கும் நீர்த்த பெயின்ட்), ஃபில்டர் (மொத்த நிறத்தையும் லேசாக மாற்றுவது), ஸ்ட்ரீக்கிங் (வழிந்த கறைக்கு), தூசுக்கு பிக்மென்ட் பொடி. இங்கேதான் இந்த ஊர் மாடல்காரனின் தலையெழுத்தைச் சொல்ல வேண்டும். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. நாம் மாதக்கணக்கில் கண் வலிக்க ஒட்டும் கிட்டும் அந்தக் கணக்கில் பொம்மைதான். சரி, கிட்டையாவது யாராவது பெட்டியில் வைத்து எடுத்து வருவார்கள். எனாமல் பொருட்கள் தீப்பிடிக்கும் திரவம், விமானத்தில் விடமாட்டார்கள். ஆக, இங்கே ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் ஆளைத்தான் நம்பியாக வேண்டும். இந்த ஆட்கள் பிழைப்பதே அதில்தான்.

நான் மாட்டியது ஒரு கடையில்கூட இல்லை. படம் போடும் செயலியில் பக்கம் வைத்து ஹாபி சாமான் விற்கும் ஒருவர். பெயர் சொல்லப் போவதில்லை. தமிழ்ப் பையன், குரலை வைத்து முப்பதுக்குள் இருக்கும். முதலில் அவரிடம் 850 ரூபாய்க்கு ஒரு ஜாடி வார்னிஷும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கினேன். மூன்றாம் நாளே வந்தது. அசல் பொருள், அருமையான பேக்கிங், உள்ளே ஒரு கமர்கட்டு மிட்டாய் வேறு. அந்த மிட்டாயை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். "அண்ணா, நீங்க போட்டிருந்த டி-72 படம் பார்த்தேன். அந்த டரெட்ல பச்சையைத் தேய்ச்ச விதம் இருக்கே, யாரு சொல்லிக் குடுத்தது?" என்று ஆரம்பித்தார். டரெட் என்றால் பீரங்கியோடு சுழலும் மேல் பகுதி, அதற்கு அடியில் இருக்கும் உடல் ஹல். அரை மணி நேரம் பேசினோம். எஞ்சின் மேல்தட்டு வலைக்கு என்ன வாஷ் போடலாம், பின்னால் இருக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களில் டீசல் வழிந்த கறையை எப்படிக் கொண்டுவருவது என்று எல்லாம் தெரிந்தவர் போலப் பேசினார். தெரிந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. வேலை தெரியாதவன் இப்படி ஏமாற்ற முடியாது. அப்பாவுக்காகக் கட்டுகிறேன் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ இதுல பிசினஸே பார்க்க மாட்டேன்ணா. என்கிட்ட ஒரே ஒரு ஃபுல் செட் இருக்கு. இருபது பாட்டில், எட்டு பிக்மென்ட். வெளியில பதினெட்டாயிரம். நீங்க 12,600 குடுங்க, போதும்" என்றார்.

போதுமாம்.

பேக் செய்யும் வீடியோவும் அனுப்பினார். நீலக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு, ஓரத்தில் டீ கொட்டிய கறை, அதன் மேல் பாட்டில்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பில் பிறகு மெயிலில் வரும் என்றார். நான் யுபிஐயில் 12,600 ரூபாயை ஒரே தவணையில் அனுப்பினேன். என் மனைவி, "முன்னப் பின்னத் தெரியாதவனுக்கு மொத்தமாவா?" என்று கேட்டாள். "நல்ல பையன்" என்றேன். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக்காட்டியே இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போகிறாளோ.

பெட்டி வந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. லேபிள், மூடி, எல்லாம் சரி. லேபிளில் இருந்த கம்பெனியின் பெயரை இங்கே இழுக்கவில்லை, அவர்கள் மேல் எந்தத் தப்பும் கிடையாது.

ஞாயிறு ராத்திரி உட்கார்ந்தேன். பழுப்பு வாஷ் பாட்டிலைக் குலுக்கித் திறந்தேன். உள்ளறையிலிருந்து மனைவி, "யாரு நெயில் பாலிஷ் போடுறது?" என்றாள். அந்த நொடியில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனாமல் வாஷ் என்றால் டர்பன்டைன் போல ஒரு மந்தமான வாசனைதான் வரும். எனக்கோ ஆர்வம் கண்ணை மறைத்தது. புது பாட்டிலை வேண்டாத துண்டில் தொட்டுப் பார்க்காமல் மாடலில் வைக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஸ்ப்ரூ துண்டுகள் (கிட்டில் பாகங்களை வெட்டி எடுத்த பின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரு டப்பா நிறையப் பக்கத்திலேயே இருந்தன.

நேராக எஞ்சின் மேல்தட்டில் வைத்தேன். நன்றாகப் பரவியது. மூலைகளில் இறங்கி நின்றது. ஆஹா என்று டரெட்டைச் சுற்றியும், புகைக்குண்டுக் குழாய்களுக்கு அடியிலும், பக்கத் தகடுகளிலும் ஓடவிட்டேன். நான்கைந்து நிமிஷம் இருக்கும். மேல்தட்டைப் பார்த்தால் பெயின்ட் சுருங்குகிறது. ஆறும் பாலில் ஏடு சுருங்குமே, அப்படி. வார்னிஷ், பச்சை, மணல், பிரைமர் என்று நான்கு அடுக்கும் ஒன்றாக எழும்பிச் சுருண்டன. பதறிப்போய் டிஷ்யூவால் ஒற்றினேன். டிஷ்யூவோடு பெயின்ட் வந்தது. டரெட்டைக் கையில் எடுத்தேன், பிளாஸ்டிக் பிசுபிசுவென்று என் கட்டைவிரலோடு ஒட்டியது. இன்றைக்கும் அந்த டரெட்டின் இடது பக்கத்தில் என் ரேகை தெளிவாக இருக்கிறது. காவல் நிலையத்தில் எடுத்தால்கூட இவ்வளவு சுத்தமாக விழாது.

மறுநாள் காலை பாட்டிலை மார்க்கெட் பக்கம் இருக்கும் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைத் திறந்த வேகத்தில் மூடினார். "என்.சி. தின்னர் சார் இது. காருக்கும் கதவுக்கும் அடிக்கிற லாக்கர்ல கலக்குறது." அதில் டொலுவின் மாதிரி சமாச்சாரங்கள் இருக்கும், மாடல் கிட்டின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை அப்படியே கரைக்கும். உண்மையான எனாமல் வாஷ் மினரல் டர்பன்டைன் வகையில் கலந்தது, காய்ந்த அக்ரிலிக் பெயின்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அந்த நம்பிக்கையில்தான் உலகம் முழுக்க அடுக்கடுக்காக வெதரிங் போடுகிறார்கள். இவர் பாட்டிலில் தின்னரை ஊற்றிக் கொஞ்சம் பழுப்பு மையைக் கலந்திருக்கிறார், அவ்வளவுதான். பிக்மென்ட் டப்பாக்களையும் திறந்தேன். விரலில் தேய்த்தால் மாவு போல மிருதுவாக இருக்க வேண்டியது, நறநறவென்றது. கோலப்பொடி. மார்கழியில் எங்கள் தெருவில் பாக்கெட் பத்து ரூபாய்க்கு விற்கும் கலர் கோலப்பொடி.

இனி பதில்கள். இவைதான் பணத்தைவிட வலித்தவை.

முதல் நாள்: "அண்ணா, நல்லா குலுக்குனீங்களா?" இரண்டாம் நாள்: "உங்க வார்னிஷ் காஞ்சிருக்காதுண்ணா." வார்னிஷ் அவரிடம் வாங்கியதுதான், போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதைச் சொன்னதும் ஒரு நாள் மௌனம். நான்காம் நாள் அண்ணா போய் "ப்ரோ" ஆனேன். "ப்ரோ, அது இம்போர்ட் பேட்ச், சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அப்புறம் மாமா வீட்டு விசேஷம். அப்புறம் நெட்வொர்க் இல்லை. எட்டாம் நாள் "சார்" ஆனேன். "சார், ஓப்பன் பண்ண பாட்டிலுக்கு ரிட்டர்ன் கிடையாது, பேஜ்லயே போட்டிருக்கு." பாட்டிலைத் திறக்காமல் உள்ளே தின்னர் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பத்தாம் நாள், நிஜமாகவே இதை அனுப்பினார்: அடுத்த பர்ச்சேஸுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடிக் கூப்பன். 12,600 ரூபாயை முழுங்கியவன் எனக்குத் தள்ளுபடி தருகிறான்.

நேற்று ராத்திரி கடைசியாகக் கேட்டேன்: மாடல் போனது போகட்டும், 12,600 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், பாட்டில்களை என் செலவில் அனுப்பிவைக்கிறேன். நீலக் குறி விழுந்தது. அவருடைய முகப்புப் படம் காணாமல் போனது. மணி 10.40.

வங்கியில் கேட்டேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் இழுக்க முடியாது என்றார்கள். இன்று காலை சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போடப் போகிறேன். ஆனால் எதிர்த்தரப்பு முகவரி என்ற கட்டத்தில் எதை எழுதுவது? பார்சலில் இருந்த அனுப்புநர் முகவரியில் தெருப் பெயர் இருக்கிறது, கதவு எண் இல்லை. வருவதாகச் சொன்ன பில்லும் வரவில்லை.

அப்பாவிடம் மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. மேஜையில் இருந்ததை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெப்பத்துல போன மாதிரி இருக்கு" என்றார். "ஹல் நல்லா இருக்குடா. டரெட்டை மட்டும் மாத்திடலாம்ல?" அவருக்கு எல்லாமே ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கு. டரெட் தனியாகக் கிடைக்காது என்று சொல்ல மனம் வரவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. புது பாட்டில் எதுவானாலும் முதலில் ஸ்ப்ரூ துண்டில் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். நெயில் பாலிஷ் வாசனை வந்தால் மூடிவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பில்லும் முகவரியும் கைக்கு வராமல் பெரிய தொகை அனுப்பாதீர்கள். முதல் சின்ன ஆர்டர் ஒழுங்காக வந்தது என்பதை வைத்து ஒருவரையும் எடை போடாதீர்கள், மிட்டாய் வந்தாலும் சரி. அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பர் ஒருவர் ஒரு பக்கத்தின் படத்தை அனுப்பி, "இந்த செட் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தின் பெயர் வேறு, எண் வேறு. இருபது பாட்டில், எட்டு பிக்மென்ட், விலை 11,900, கடைசி ஒரே ஒரு செட். பாட்டில்களுக்கு அடியில் நீலக் கட்டம் போட்ட விரிப்பு, ஓரத்தில் அதே டீக் கறை.